கூரைத் தண்ணீரும் அதைக் காத்தவர்களும்



மழைநீர்த் தொட்டி அமைக்க வேண்டும் என்று எழுதியவர்கள் பலர். மேடையேறிப் பேசியவர்கள் அவர்களினும் பலர். அமைத்த தொட்டியை யார் கழுவுவது என்று எழுதியவர்களைத் தேடினால் விரல்விட்டு எண்ணிவிடலாம். நம் நாட்டில் வீட்டு மழைநீர்ச் சேகரிப்பு வளர்ந்ததும் தேய்ந்ததும் மீண்டும் தலைதூக்கியதும் எவ்வாறு என்று பார்த்துவந்தபோது, எல்லாக் காலத்திலும் இந்த ஒரு கேள்வியே குறுக்கே நிற்பதைக் கண்டேன். அதனை ஒட்டியே இக்கட்டுரை.

முதலில் ஒரு சிறு கணக்கு. ஆறாம் ஆண்டு மாணவர்கள்கூட எளிதில் செய்துவிடுவார்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைக்கும் நீர் 1 லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை, அதாவது பிற்பகலில் ஒரு மணிநேரம் கொட்டித் தீர்க்கும் நம்மூர் மழை, பெய்தால் 2,500 லிட்டர். தெறித்ததும் சிந்தியதும் போக 2,000 லிட்டர் கையில் நிற்கும். தீபகற்ப மலேசியாவில் ஆண்டு மழையளவு பெரும்பாலான இடங்களில் 2,000 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. வானம் நமக்குக் குறை வைக்கவில்லை. குறையெல்லாம் கூரைக்குக் கீழேதான்.

அத்தாப்பும் தகரமும்

கூரைநீரைப் பிடிக்க வேண்டுமாயின் அதற்கேற்ற கூரை வேண்டும். அத்தாப்பு வேய்ந்த வீடுகளில் கூரைநீர் ஓலையின் நிறத்தையும் வாடையையும் ஏற்றுக்கொண்டு பழுப்பாக இறங்கும். ஓலையின் நுனிகளிலிருந்து ஒழுங்கின்றிச் சொட்டும் நீரை ஒரே இடத்தில் சேர்ப்பதும் எளிதன்று. ஆகவே, மலாய்க் கம்பங்களின் வாசற்படியருகே கால் கழுவுவதற்கு வைத்திருந்த தெம்பாயான் என்னும் பெரிய மண்சாடிகளில் கிணற்று நீரும் ஆற்று நீரும் மழைநீரும் கலந்தே இருந்தன.

நெளிதகரம் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. இரும்புத் தகட்டை நெளித்து வலுவூட்டும் முறைக்கு 1829ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஹென்றி ராபின்சன் பால்மர் என்பவர் காப்புரிமை பெற்றார். அதன்மீது துத்தநாகம் பூசித் துருவைத் தடுக்கும் முறை 1837இல் பிரான்சில் காப்புரிமை பெற்றது. இவ்விரண்டும் இணைந்து உருவான பொருள் கப்பலேறி மலாயாவுக்கு வந்து தோட்டத்து லயங்களின் தலையில் அமர்ந்தது. வெயிலில் அடுப்பாகவும் மழையில் மேளமாகவும் இருந்த அந்தக் கூரையை யாரும் வாழ்த்தியதில்லை. ஆயினும் தூய நீரைச் சேதமின்றி இறக்கித் தருவதில் அதற்கு இணையில்லை. கூரையோரத்தில் ஒரு தகர வாய்க்கால், அதன் கோடியில் ஓர் எண்ணெய் டிரம். தோட்டத்து மழைநீர்ச் சேகரிப்பு இவ்வளவே.

என் பாட்டியார் வாழ்ந்த லயத்திலும் அத்தகைய டிரம் ஒன்று இருந்தது. 1970களின் தொடக்கத்தில் நான் சிறுவன். பொதுக் குழாயில் நீர் காலையிலும் மாலையிலும் குறித்த நேரமே வரும், அதற்கும் வரிசை. ஆகவே துணி துவைக்கவும் பாத்திரம் விளக்கவும் டிரம் நீரே துணை. பாட்டியார் பள்ளிக்கூடம் போகாதவர். ஆனால் அவரிடம் மூன்று விதிகள் இருந்தன. பல நாள் வெயிலுக்குப் பின் பெய்யும் மழையில் முதல் கால் மணிநேரம் டிரம்மை நகர்த்திவிட வேண்டும். கூரை கழுவிய நீர் தரைக்கே போகட்டும் என்பார். நிரம்பிய டிரம்மின் வாயைப் பழைய வேட்டித் துணியால் இழுத்துக் கட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை தோறும் அடிநீரைக் கவிழ்த்து, தேங்காய் நாரால் உட்புறம் தேய்க்க வேண்டும். மூன்றாவது விதி எங்கள் தலையில் விழுந்தது என்பதால் நன்றாகவே நினைவிருக்கிறது. பின்னாளில் பொறியியல் கையேடுகளைப் புரட்டியபோது, முதல்நீரை விலக்குதல், கொசுவலை இடுதல், வண்டல் அகற்றுதல் என்று அதே மூன்றும் வரிசையாக இருக்கக் கண்டு வியந்தேன்.

நற்பழக்கம் குற்றமான கதை

இந்த டிரம்முக்கு எதிரி, கொசுவின் வடிவில் வந்தது. கொசுவுக்கும் காய்ச்சலுக்கும் உள்ள தொடர்பு இந்நாட்டுக்குப் புதிதன்று. 1897 ஆகஸ்டு 20ஆம் நாள் செகந்திராபாத்தில் ரொனால்ட் ரோஸ் மலேரியாக் கிருமியைக் கொசுவின் உடலில் கண்டார். அடுத்த நான்காண்டுகளுக்குள், 1901இல், கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களை வடித்து மலேரியாவை அடக்கத் தொடங்கினார். உலக மருத்துவ வரலாற்றில் இடம்பெற்ற பணி அது. ஆனால் மலேரியாக் கொசு ஓடையிலும் சதுப்பிலும் வளர்வது. வீட்டு டிரம்மை அது பெரிதும் நாடவில்லை.

ஏடிஸ் அப்படியன்று. அது மனிதனோடு குடித்தனம் நடத்தும் கொசு. சேற்று நீரை விடுத்துத் தெளிந்த நீரையே தேடும். நீர்மட்டத்தை ஒட்டிய ஈரச் சுவரில் முட்டையிடும். அம்முட்டைகள் காய்ந்துபோனாலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, அடுத்த நீர் தொட்டவுடன் பொரியும். நம் வெப்பத்தில் முட்டை முழுக் கொசுவாவதற்கு ஏழு முதல் பத்து நாள் போதும். பாட்டியாரின் வெள்ளிக்கிழமைக் கணக்கு அவரறியாமலே அந்தச் சுழற்சிக்குள் அடங்கியிருந்தது. நாரால் தேய்க்கும்போது சுவரிலிருந்த முட்டைகளும் போயிருக்கும்; வெறுமனே நீரைக் கொட்டியிருந்தால் அவை தங்கியிருக்கும்.

மலாயாவில் டிங்கிக் காய்ச்சல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பினாங்கில் பதிவாகியுள்ளது. உயிரைப் பறிக்கும் இரத்தக்கசிவு வகை 1962இல் அதே பினாங்கில் கண்டறியப்பட்டது. 1973இல் நாடு தழுவிய பெரும் பரவல் ஏற்பட்டது. ஈராண்டு கழித்து, 1975இல், நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டம் இயற்றப்பட்டது. வீட்டு வளாகத்தில் கொசுப் புழு காணப்பட்டால் வீட்டுக்காரர் தண்டம் கட்ட வேண்டும் என்ற நிலை அதனால் வந்தது.

சட்டம் தேவையானதே, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. 2019ஆம் ஆண்டில் மட்டும் மலேசியாவில் 1,30,101 டிங்கிச் சம்பவங்கள் பதிவாகி 182 பேர் மாண்டனர் என்பதை நினைத்தால் யார்தான் மறுப்பார்? ஆனால் அதற்கொரு பக்கவிளைவு உண்டு. அதே ஆண்டுகளில் வீட்டுக்கு வீடு குழாய்நீர் வந்துகொண்டிருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயத்து மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தனர். டிரம்முக்கு இனித் தேவையில்லை. வைத்திருந்தால் தண்டம் வேறு. ஒரு தலைமுறைக்குள் டிரம் மறைந்தது. அதனோடு, அதைக் காக்கும் பழக்கமும் மறைந்தது. பொருள் போனால் வாங்கிக்கொள்ளலாம். பழக்கம் போனால் எங்கே வாங்குவது?

வறட்சி நினைவூட்டியது

1991இல் மலாக்காவின் டூரியான் துங்கால் அணை வறண்டது. வரலாற்றுப் புகழ்மிக்க அம்மாநிலத்து மக்கள் வாளிகளோடு லாரி நீருக்காகக் காத்து நின்றனர். அதை ஒரு மாநிலத்தின் துன்பம் என்று மற்றவர்கள் கடந்து சென்றனர். ஏழாண்டு கழித்துத் தலைநகரின் முறை வந்தது. 1997-98 எல் நினோவின் விளைவாகக் கிள்ளான் கேட்ஸ், லங்காட், செமினி அணைகளில் நீர் இறங்கியது. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 18 இலட்சம் மக்கள் மாதக்கணக்கில் நீர்ப் பங்கீட்டில் தவித்தனர். காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளுக்காகப் புதுப்பொலிவு பெற்றுக்கொண்டிருந்த அதே ஆண்டில், அதே நகரில்!

அதன் பின்னரே அரசாங்கம் கூரையை அண்ணாந்து பார்த்தது. 1999இல் வீடமைப்பு ஊராட்சித் துறை அமைச்சு, மழைநீர்ச் சேகரிப்பு அமைப்புகளைப் பொருத்துவதற்கான வழிகாட்டியை வெளியிட்டது. நஹ்ரிம் எனப்படும் மலேசிய தேசிய நீரியல் ஆய்வுக் கழகம், கோலாலம்பூர் தாமான் வங்சா மெலாவாத்தியில் ஓர் இரட்டைமாடித் தொடர்வீட்டைத் தேர்ந்தெடுத்து முன்னோடி அமைப்பொன்றை நிறுவியது. கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் கார் கழுவுவதற்கும் கூரைநீர் பயன்பட்டது. 2006 மார்ச்சில், அப்போதைய பிரதமர் அப்துல்லா அகமட் படாவி, பெரிய கட்டடங்களுக்கு இவ்வமைப்பு கட்டாயமாக்கப்படும் என்று அறிவித்தார். அடுத்து வந்த ஆண்டுகளில் சிலாங்கூர் முதலிய மாநிலங்கள் கட்டடத் துணைவிதிகளைத் திருத்தி, பங்களா, இரட்டை வீடு போன்ற புதிய வீடுகளுக்கு அதைக் கட்டாயமாக்கின.

ஆக, டிரம் திரும்பிவிட்டது. இம்முறை நெகிழித் தொட்டியாக, குழாயும் நீரேற்றியும் பூட்டிக்கொண்டு. விதிப்படி கட்டடம் முடிந்ததும் அதிகாரி வந்து தொட்டி இருக்கிறதா என்று பார்க்கிறார், சான்றிதழ் கிடைக்கிறது, வீட்டுச் சாவி கைமாறுகிறது. தொட்டிக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதை ஐந்தாண்டு கழித்துப் பார்ப்பதற்கு அந்தச் சான்றிதழில் இடமில்லை.

இதில் வீட்டுக்காரரை மட்டும் குறைகூறுவது நேர்மையாகாது. சிலாங்கூரில் 2006 முதல் 2024 தொடக்கம் வரை, வீட்டுப் பயன்பாட்டின் முதல் 20 கன மீட்டர் நீருக்குக் கட்டணம் கன மீட்டருக்கு 57 சென். கன மீட்டர் என்பது 1,000 லிட்டர். முன்னர்க் கணக்கிட்ட 2,000 லிட்டர் தொட்டியை மழை முழுதும் நிரப்பினாலும் வீட்டுக்காரருக்கு மிச்சம் 1 ரிங்கிட் 14 சென். ஒரு குவளை தே தாரேக் விலைகூட ஆகாது! மேலும், 2008 ஜூன் முதல் அம்மாநிலத்தில் வீட்டுக்கு 20 கன மீட்டர் நீர் இலவசமாகவே வழங்கப்பட்டது. 2020இல்தான் அச்சலுகை குறைந்த வருமானத்தினருக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. இந்நிலையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏணி போட்டு ஏறச் சொன்னால் யார் ஏறுவார்? பாட்டியார் தேய்த்ததற்குக் காரணம், அவருக்கு வேறு தண்ணீர் இல்லை.

வேறு தண்ணீரே இல்லாத ஒரு நாடு

வேறு தண்ணீர் இல்லாத நிலையே ஒரு நாடு முழுவதற்கும் வாய்த்தால் என்னாகும் என்பதற்கு அட்லாண்டிக் பெருங்கடலிலுள்ள பெர்முடா சான்றாகும். ஏறத்தாழ 53 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இச்சிறு தீவுக்கூட்டத்தில் ஆறு இல்லை. 1609இல் புயலில் சிக்கிய சீ வெஞ்சர் என்னும் கப்பல் அங்கே தரைதட்டியது. 1612 முதல் ஆங்கிலேயர் குடியேறினர். அன்றிலிருந்து கூரையே அவர்களுக்கு ஆறு. உள்ளூர்ச் சுண்ணாம்புக் கல்லைப் பலகைகளாக அறுத்துப் படிப்படியாக அடுக்கிய வெண்ணிறக் கூரைகள், வழிநடத்தும் வரப்புகள், வீட்டுக்கு அடியில் நீர்த்தொட்டி என்று அவர்களின் கட்டடக்கலையே மழையைச் சுற்றி எழுந்தது. படிகள் மழையின் வேகத்தைத் தணிக்கின்றன. சுண்ணாம்புப் பூச்சு கிருமிகளை ஓரளவு கட்டுப்படுத்தியது. வெண்மை அழுக்கைக் காட்டிக்கொடுக்கிறது. கூரை கறுத்தால் தெருவில் போகிறவருக்கும் தெரியும். அந்த வெட்கம் ஒரு நல்ல காவலாளி என்பேன்.

நம் கவனத்துக்குரியது அவர்களின் சட்டம். பெர்முடாவின் 1951ஆம் ஆண்டு நீர்ச்சேமிப்பு விதிகள், கூரையும் வாய்க்காலும் குழாயும் வலையும் பழுதின்றி இருக்க வேண்டும் என்கின்றன. அத்தோடு நில்லாமல், ஆறாண்டுக்கு ஒருமுறையேனும் தொட்டியைக் கழுவ வேண்டும் என்றும் கூறுகின்றன. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கூரைக்குப் பூச்சிடுவது அங்கே வழக்கம். அவர்கள் சட்டத்தில் 'கழுவு' என்ற வினைச்சொல் இருக்கிறது. நம் பேச்சு 'பொருத்து' என்பதோடு நின்றுவிடுகிறது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூரும் மழைநீரை விடுவதில்லை. ஆனால் வீட்டுக்காரரிடம் அப்பொறுப்பை அது விடவில்லை. 2008இல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டு உள்ளிட்ட நீர்த்தேக்கங்களின் வழி, தீவின் மூன்றில் இரு பகுதி நிலப்பரப்பே மழை ஏந்தும் பரப்பாகிவிட்டது. கால்வாயைக் கூட்டுவதும் தேக்கத்தைக் காப்பதும் சம்பளம் வாங்கும் ஊழியர்களின் வேலை. பராமரிப்புச் சிக்கலுக்கு அதுவும் ஒரு விடைதான். ஆனால் சிறிய நாட்டின் விடை.

கூரையிலிருந்து குழாய்வரை

நம்மூர் வீடுகளில் காக்க வேண்டியது என்ன என்பதை நீர் இறங்கும் வழியிலேயே பார்த்துவிடலாம். கூரையில் சாய்ந்த மரக்கிளை இருந்தால் அதை வெட்டுவது முதல் வேலை. சருகு விழும், பறவை அமரும், எலியும் அணிலும் அக்கிளை வழியே வரும். எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சலை நாம் ஆற்றுக் குளியலோடு மட்டும் தொடர்புபடுத்துகிறோம். கூரைக்கும் எலி ஏறும். அடுத்தது கூரை வாய்க்கால். அதன் சாய்வு சரியாக இராவிடில் நடுவில் நீர் தேங்கும். தொட்டியை எவ்வளவு மூடினாலும் பயனில்லை, கொசு வாய்க்காலிலேயே குடியேறிவிடும். கீழிருந்து பார்த்தால் தெரியாத இடம் அது. கொசு ஒழிப்புக்காக வீட்டைச் சுற்றிப் பூச்சட்டிகளைக் கவிழ்த்துப் பார்க்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

வாய்க்காலிலிருந்து இறங்கும் நீர் தொட்டிக்குச் செல்லுமுன் முதல்நீர்க் குழாய் இருக்க வேண்டும். செங்குத்தான அக்குழாயில் முதலில் வரும் அழுக்கு நீர் நிரம்பும். நிரம்பிய பின் வரும் நீரே தொட்டிக்குத் திரும்பும். 100 சதுர மீட்டர் வரையிலான கூரைக்கு 25 முதல் 50 லிட்டர் வரை விலக்கினால் போதும் என்பது இங்குள்ள வழிகாட்டிகளின் கணக்கு. ஆனால் மழை நின்றதும் அக்குழாய் வடிய வேண்டும். அடியிலுள்ள சிறு துளையின் வழியே அது தானாக வடியும். துளையில் மண் அடைத்தால் வடியாது. வடியாத குழாய் அடுத்த மழையில் ஒரு சொட்டு அழுக்கையும் ஏற்காது. எல்லாம் நேரே தொட்டிக்குள் போகும். அமைப்பு முழுவதிலும் மிக மலிவான உறுப்பும், பெரும்பாலும் முதலில் கெடும் உறுப்பும் இதுதான். கையால் மூடியைத் திருகி, குச்சி விட்டுக் குத்தினால் இரண்டு நிமிட வேலை.

தொட்டியில் நீர் நுழையும் வாய்க்கு வலை போடுகிறவர்கள், மிகைநீர் வழியும் குழாய்க்கு வலை போட மறக்கிறார்கள். கொசுவுக்கு எந்த வாசல் என்ற பேதமில்லை. வலை கிழிந்ததா என்று வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும்; அந்த ஏழு நாள் கணக்கை மறவாதீர்கள். ஒளி புகும் தொட்டியில் பாசி பிடிக்கும் என்பதால் அடர்நிறத் தொட்டியே நல்லது. அடியில் வண்டல் படிவது இயற்கை. வெளியேற்றும் குழாய் தரைமட்டத்தில் இருந்தால் திறந்துவிட்டாலே பெரும்பகுதி போய்விடும். ஆண்டுக்கு ஒருமுறை வறட்சி மாதத்தில் தொட்டியைக் காலிசெய்து தேய்த்துக் கழுவுவது நலம். பெரிய தொட்டிக்குள் தனியே இறங்க வேண்டா. மூடிய தொட்டியில் காற்று போதாமற் போகலாம்.

இன்னொன்று. மழைநீர்க் குழாயையும் குடிநீர்க் குழாயையும் எக்காரணம் கொண்டும் நேரடியாக இணைக்கக் கூடாது. அழுத்தம் குறையும்போது தொட்டி நீர் குடிநீர்க் குழாய்க்குள் பின்வாங்கிச் செல்லும். வீட்டைப் புதுப்பிக்க வருகிற குழாய்காரர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டுப் போன கதை என் நண்பர் ஒருவர் வீட்டில் நடந்தது. இரு குழாய்களுக்கும் வெவ்வேறு வண்ணம் பூசி, மழைநீர்க் குழாயருகே குடிக்கத் தகாதது என்று எழுதிவைத்தால் வம்பில்லை.

2020 செப்டம்பரில், வறட்சி ஏதுமில்லாத நேரத்தில், சிலாங்கூர் ஆற்றுப் படுகையில் கலந்த மாசினால் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டுப் பன்னிரண்டு இலட்சம் இணைப்புகளில் நீர் நின்றது. அன்று என் அண்டைவீட்டார் பத்தாண்டுக்கு முன் வீட்டோடு வந்த தம் தொட்டியை முதன்முறையாக நினைத்தார். குழாயைத் திறந்தோம். சற்று நேரம் காற்று, பின்னர்க் கரிய நிறத்தில் ஒரு கைப்பிடி சகதி, அதன்பின் ஒன்றுமில்லை. மேலே ஏறிப் பார்த்தபோது கூரை வாய்க்காலில் முழங்கை உயரத்துக்கு ஓர் ஆலங்கன்று வளர்ந்திருந்தது. வேர் இறங்குகுழாயின் வாயை முழுதாக அடைத்திருந்தது.

அக்கன்றைப் பிடுங்கி, குழாயைக் குத்தி, தொட்டியை இருவருமாகக் கழுவி முடிக்க ஒரு பகற்பொழுது பிடித்தது. நான் தேங்காய் நார் கேட்டேன். அவர் வீட்டில் இல்லை, நெகிழித் தூரிகைதான் இருந்தது. அதன்பின் நல்ல மழை ஒன்று பெய்த மாலையில் அவர் மதிலருகே வந்து, "ஐயா, முதல் கால் மணிநேரம் விட்டுவிட்டுத்தான் பிடித்தேன்" என்றார்.